நூலக அகப்பக்கத்தை ஆளுக்கேற்றபடி அமைப்பது: பீடோங் வட்டாரக் கல்லூரிகளுக்கான கேள்வி பதில்

பீடோங், செமிலிங், சுங்கைப்பட்டாணி வட்டாரத்துக் கல்லூரி நூலகங்களில் அகப்பக்கத்தைக் கவனித்துக்கொள்வோர், அதைத் திறந்து பார்க்கும் விரிவுரைஞர்கள், மாணவர்கள் எல்லாருக்குமாக இந்தப் பக்கம். இரண்டு மூன்று பணியாளர்களுடன் இயங்கும் சிறிய நூலகம், இரவல் கணக்குக்குக் கோஹா, பாடங்களுக்கு மூடல் என்று வைத்துக்கொண்டு பதில் சொல்லியிருக்கிறோம். வேறு மென்பொருள் என்றால் பொத்தான்களின் பெயர் மாறும்; வேலை மாறாது.

ஆளுக்கேற்ற அகப்பக்கம் என்றால் என்ன? பெயர் சொல்லி வணக்கம் போடுவதா?

வணக்கம் போடுவது ஒப்பனை. ஒரே முகவரியைத் திறக்கும் இருவருக்கு வேண்டியது வெவ்வேறு என்பதுதான் இங்கே விஷயம். முதலாண்டு மாணவிக்கு இந்தத் தவணைப் பாடங்களின் நூல்கள், கையிலுள்ள நூலைத் திருப்பித் தரவேண்டிய நாள், பழைய தேர்வுத்தாள்கள், இவ்வளவு போதும். விரிவுரைஞருக்கு வகுப்புக்கென ஒதுக்கிய நூல்கள், தம் துறை ஆய்விதழ்களில் புதிதாக வந்தவை, நூல் வாங்கச் சொல்லும் படிவம் ஆகியவை வேண்டும்.

இதற்கு இரண்டு வழி உண்டு. பயனரே பெட்டிகளைத் தேர்ந்தெடுத்து அடுக்கிக்கொள்வது ஒன்று. கல்லூரிக்கு ஏற்கெனவே தெரிந்த தகவலைக் கொண்டு நாமே அடுக்கித் தருவது மற்றொன்று. 1990களின் இறுதியில் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகம் ‘மைலைப்ரரி’ என்ற பெயரில் முதல் வழியில் இறங்கியது. கார்னெல் பல்கலைக்கழகமும் அப்படி ஒன்றைச் செய்தது. இத்தகைய பக்கங்களில் உள்ள சிக்கல் எளிமையானது: பெரும்பாலோர் முதலில் வந்த அமைப்பைத் தொடுவதே இல்லை. நாளை காலை இடுபணி ஒப்படைக்க வேண்டியவர் இன்றிரவு பெட்டி அடுக்கிக்கொண்டிருக்க மாட்டார். ஆகவே இரண்டாவது வழியில் தொடங்குங்கள். பயனர் மாற்றிக்கொள்ள வேண்டுமானால் ஓர் இடம் வைத்தால் போதும்.

பெயரையும் போட்டே ஆகவேண்டும் என்றால் ஓர் எச்சரிக்கை. நம்மவர் பெயர்களில் குடும்பப்பெயர் கிடையாது. ஏ/எல், ஏ/பி இடையில் வரும். முதற்பெயர், இறுதிப்பெயர் என்று இரண்டாக வெட்டும் மென்பொருள் மாணவியை விட்டுவிட்டு அவர் அப்பாவுக்கு வணக்கம் சொல்லும். சில வேளை ‘வணக்கம், ஏ/பி’ என்றே நிற்கும். முழுப்பெயரையும் ஒரே புலத்தில் வைத்துக்கொண்டால் இந்தக் கூத்து இல்லை.

எங்கிருந்து தொடங்குவது?

பாடக் குறியீட்டிலிருந்து. வேறு எதிலிருந்து தொடங்கினாலும் பாதியில் இங்கேதான் திரும்பி வருவீர்கள்.

முதலில் ஓர் எக்செல் தாளில் மூன்று நெடுவரிசை போடுங்கள்: பாடக் குறியீடு, அந்தப் பாடத்துக்குரிய வழிகாட்டிப் பக்கம், பொறுப்பான நூலகர். எல்லாப் பாடத்துக்கும் தனித்தனி வழிகாட்டி எழுதக் கிளம்ப வேண்டாம். அது முடியாத காரியம். பத்துப் பன்னிரண்டு துறை வழிகாட்டிகள் எழுதி, பாடங்களை அவற்றோடு இணையுங்கள். இடுபணி மிகுந்த நான்கைந்து பாடங்களுக்கு மட்டும் தனிப்பக்கம் எழுதலாம்.

அடுத்து, பதிவகத்திலிருந்து யார் எந்தப் பாடம் எடுத்திருக்கிறார் என்ற பட்டியலை இரவுதோறும் ஒரு கோப்பாகத் தரச் சொல்லுங்கள். தவணைக்கு ஒருமுறை வாங்கினால் போதும் என்பார்கள். போதாது. பாடம் சேர்ப்பதும் விடுவதும் முதல் சில வாரங்களில்தான் நடக்கிறது. ஒருமுறை மட்டும் இறக்கிய பட்டியலில், விட்டுவிட்ட பாடம் தவணை முழுதும் ஒட்டிக்கொண்டிருக்கும். புதிதாக எடுத்த பாடம் தெரியவே தெரியாது. கோப்பில் மாணவர் எண்ணும் பாடக் குறியீடும் மட்டும் இருக்கட்டும். அடையாள அட்டை எண், முகவரி, மதிப்பெண் எதையும் கேட்காதீர்கள். தந்தாலும் வாங்காதீர்கள்.

மூன்றாவது, மூடலில் அந்தந்தப் பாடத்தின் உள்ளேயே வழிகாட்டிக்கான இணைப்பு தெரியும்படி செய்வது. மூடல், எல்டிஐ என்னும் பொது முறையில் பாடத்தின் அடையாளத்தை வெளிக்கருவிக்கு அனுப்பும். உங்கள் வழிகாட்டி மென்பொருள் அதைப் படித்துத் தானே சரியான பக்கத்தைத் திறக்கும். லிப்கைட்ஸ் என்னும் வழிகாட்டி மென்பொருளின் சிஎம்எஸ் பதிப்பை வைத்திருப்போருக்கு இது கைவசமே உண்டு. மாணவர் நூலகப் பக்கத்துக்கு வராவிட்டாலும் நூலகம் அவர் இருக்கும் இடத்துக்குப் போய்விடுகிறது. எங்கள் கணக்கில், முகப்புப் பக்கத்தில் செய்யும் எந்த அலங்காரத்தையும்விட இது பெரிது.

கெடும் இடம்: பாடத்திட்டம் மாறும்போது குறியீடும் மாறும், அட்டவணையை யாரும் திருத்த மாட்டார்கள். இணைப்பு கிடைக்காத குறியீடு வந்தால் வெற்றுப் பக்கம் காட்டாமல் துறைப் பக்கத்துக்கு அனுப்பும்படி வையுங்கள். அப்படி அனுப்பப்பட்ட குறியீடுகளின் பட்டியலைத் திங்கட்கிழமைதோறும் பாருங்கள்.

மாணவர், விரிவுரைஞர் என்று எப்படிப் பிரித்தறிவது?

கோஹாவில் உறுப்பினர் வகை என்று ஒன்று இருக்கிறது. இளங்கலை, முதுகலை, விரிவுரைஞர், அலுவலர் என்ற நான்கு போதும்; இரவல் விதிகளும் அதை ஒட்டியே ஓடும். கல்லூரி ஒற்றை உள்நுழைவு முறை (எல்லாச் சேவைக்கும் ஒரே கடவுச்சொல்) வைத்திருந்தால், அடையாள வழங்கி, அதாவது கடவுச்சொல்லைச் சரிபார்க்கும் சேவையகம், அனுப்பும் ‘எடுபர்சன்’ பண்புகளில் (பயனரைப் பற்றிய விவரப் புலங்களில்) பங்கு என்று ஒன்று வரும். மலேசியாவில் இப்படி ஒருவர் அடையாளத்தை மற்றவர் ஏற்றுக்கொள்ளும் கல்விக்கூடங்களின் கூட்டமைப்பின் பெயர் சிஃபுலான்.

ஒருவருக்கு ஒரே பங்கு என்று எழுதிவிடாதீர்கள். நம் வட்டாரத்தில் பகலில் பாடம் நடத்திவிட்டு இரவில் முனைவர் பட்டத்துக்குப் படிப்போர் உண்டு. பண்பில் இரண்டு மதிப்பு வரும்போது நிரல் முதலாவதை மட்டும் எடுத்தால், அவருக்கு விரிவுரைஞர் பக்கம் ஒரு நாள், மாணவர் பக்கம் ஒரு நாள். மேல் மூலையில் ‘மாணவராகப் பார், விரிவுரைஞராகப் பார்’ என்று ஒரு மாற்றியை வைத்துவிடுங்கள். ஒரு பங்கினருக்குக் காட்டாததை அவர்கள் தேடியும் எடுக்க முடியாதபடி பூட்டிவிடக் கூடாது. மேலே வைப்பதும் கீழே வைப்பதும் மட்டுமே ஆளுக்கேற்ற வேலை.

உள்நுழையாமலே ஏதாவது செய்ய முடியுமா?

முடியும், நிறைய. மொழித் தேர்வு, துறைத் தேர்வு இரண்டையும் உலாவியின் குக்கியில் (உலாவி தன்னிடமே வைத்துக்கொள்ளும் சிறு குறிப்பில்) வைத்துக்கொள்ளலாம். யார் என்று தெரியவேண்டிய அவசியமே இல்லை. இரவல் கணக்கு, முன்பதிவு, கட்டணத் தரவுத்தளம் ஆகியவற்றுக்கு மட்டும் கடவுச்சொல் கேளுங்கள்.

தோட்டப்புற வீடுகளில் ஒரே கைப்பேசியையோ மடிக்கணினியையோ அண்ணன் தங்கை மாறி மாறிப் பயன்படுத்துவது வழக்கம். அதனால் கணக்கு தானாக வெளியேறும் நேரத்தைக் கோஹா அமைப்பில் 30 நிமிடம் அளவுக்குக் குறைத்து வையுங்கள். முதல் கடவுச்சொல்லாக அடையாள அட்டை எண்ணைக் கொடுக்கும் பழக்கத்தையும் விடவேண்டும். அதன் முதல் 6 இலக்கம் பிறந்த தேதி, கடைசி இலக்கம் ஒற்றையா இரட்டையா என்பது ஆணா பெண்ணா என்பதைச் சொல்லிவிடும். வகுப்புத் தோழனுக்கு மிச்சத்தை ஊகிப்பது கடினமில்லை.

கல்லூரியில் திறக்கும் கட்டுரை வீட்டில் காசு கேட்கிறதே?

பதிப்பாளர் உங்களைக் கல்லூரியின் ஐபி முகவரியைக் கொண்டு அடையாளம் காண்கிறார். வீட்டு யூனிஃபையிலோ கைப்பேசித் தரவிலோ வந்தால் நீங்கள் அந்நியர். இடையில் நின்று ‘இவர் எங்கள் ஆள்’ என்று சொல்வது இசிபிராக்சி போன்ற பதிலிச் சேவை. அதன் வழியாகப் போக, இணைப்பின் முன்னால் நூலகத்தின் பதிலி முகவரி ஒட்டப்பட்டிருக்க வேண்டும்.

இங்கே கெடுபவை நான்கு.

விரிவுரைஞர் கட்டுரையைத் திறந்து, உலாவியின் மேலே தெரியும் முகவரியை அப்படியே எடுத்து மூடலிலோ புலனத்திலோ போட்டுவிடுவார். அதில் அவருடைய அமர்வு எண் இருக்கும். மறுநாள் யாருக்கும் திறக்காது. ‘நிலையான இணைப்பு’ என்று கட்டுரைப் பக்கத்திலேயே தரப்படுவதையோ, டிஓஐ (கட்டுரைக்கென உள்ள மாறாத அடையாள எண்) முகவரியையோ எடுத்துப் பதிலி முன்னொட்டைச் சேர்க்கவேண்டும். இதை அவரே செய்யவேண்டியதில்லை. இணைப்பை ஒட்டினால் முன்னொட்டுச் சேர்த்துத் திருப்பித் தரும் சிறு பெட்டியை விரிவுரைஞர் பக்கத்தின் உச்சியில் வையுங்கள். விரிவுரைஞருக்கான ஒரே ஒரு வசதி செய்யத்தான் நேரம் இருக்கிறது என்றால், இதைச் செய்யுங்கள்.

முதல் பக்கம் திறந்து, பிடிஎஃபை அழுத்தியதும் தடை வந்தால், பதிப்பாளர் கோப்புகளை வேறொரு களப்பெயரில் வைத்திருக்கிறார், அது பதிலியின் அமைப்புக் கோப்பில் இல்லை என்று பொருள். அந்தப் பெயரைச் சேர்த்தால் தீரும்.

எல்லாத் தரவுத்தளங்களிலும் ஒரே நாளில் ‘பாதுகாப்பற்ற பக்கம்’ என்று வந்தால், பதிலியின் சான்றிதழ் காலாவதி ஆகியிருக்கும். நாள்காட்டியில் ஒரு மாதம் முன்கூட்டியே குறித்து வையுங்கள்.

நான்காவதுதான் மோசம். யாரோ ஒருவரின் கடவுச்சொல் வெளியே போய், நூற்றுக்கணக்கில் கட்டுரைகள் இறக்கப்பட்டால், பதிப்பாளர் அந்த ஒருவரை மட்டும் தடுக்க மாட்டார். பதிலியின் முகவரியையே தடுப்பார். கல்லூரி முழுக்க இருட்டு.

கூகுள் ஸ்காலரில் எங்கள் நூலகத்தின் இணைப்பு வர வேண்டுமானால்?

அமைப்புகள், அதில் நூலக இணைப்புகள், கல்லூரியின் பெயரைத் தேடிக் குறியிடுங்கள், சேமியுங்கள். 5 நூலகம் வரை சேர்க்கலாம். பட்டியலில் கல்லூரியே வரவில்லை என்றால், நூலகம் தன் இணைப்புத் தீர்வியை (கட்டுரையை நூலகச் சந்தாவோடு இணைக்கும் சேவையை) கூகுளிடம் பதிவுசெய்யவில்லை. மாணவர் செய்யக்கூடியது ஒன்றுமில்லை.

வகுப்புக்கு 40 பேர், நூல் இரண்டே படி. என்ன செய்வது?

கோஹாவின் ‘கோர்ஸ் ரிசர்வ்ஸ்’ வசதி இதற்குத்தான். அமைப்பில் அதை இயக்குவதற்கு முன், கோஹாவின் ‘அங்கீகரித்த மதிப்புகள்’ என்னும் தேர்வுப் பட்டியல்களில் துறை, தவணை ஆகிய இரண்டு பட்டியலையும் நிரப்புங்கள். அவை வெறுமையாக இருந்தால் பாடத்தைச் சேர்க்கவே முடியாது; ‘வேலை செய்யவில்லை’ என்று வரும் புகாரில் பெரும்பாலானது இதுதான். பிறகு பாடத்தை உருவாக்கி, விரிவுரைஞரை இணைத்து, நூலின் பட்டைக் குறியை வருடிச் சேர்த்து, ஒதுக்கீட்டுக் காலத்துக்கான இரவல் வகையைக் கொடுங்கள், உதாரணமாக 2 மணி நேரம். தவணை முடிந்ததும் பாடத்தைச் செயலற்றதாக்கினால் நூல் தன் பழைய வகைக்குத் தானே திரும்பும். பாடத்தைச் செயலற்றதாக்க மறந்துவிட்டால், விடுமுறையிலும் அது இரண்டு மணி நேர நூலாகவே கிடக்கும்.

பீடோங்கிலிருந்து பேருந்தில் வருவோருக்கு இரண்டு மணி நேரம் என்பது ஒன்றுமில்லை. ஒரு படியை ஒதுக்கீட்டிலும் மற்றதை மூன்று நாள் இரவலிலும் விடுவது நல்ல பாகுபாடு.

திருப்பித் தரும் நாள் நினைவூட்டல் சிலருக்கு மட்டும் வரவில்லை. ஏன்?

‘சிலருக்கு மட்டும்’ என்பதிலேயே விடை இருக்கிறது. கோஹாவில் உறுப்பினர் வகைக்கு இயல்பான நினைவூட்டல் அமைப்பைப் பின்னர் மாற்றினால், அது இனிமேல் சேர்வோருக்கே பொருந்தும். ஏற்கெனவே இருப்போர் பழைய அமைப்பிலேயே இருப்பார்கள். அவர்களுக்கும் புதிய அமைப்பை ஏற்ற ஒரு தனி நிரல் கோஹாவோடு வருகிறது, அதை ஒருமுறை ஓட்டவேண்டும்.

யாருக்குமே வரவில்லை என்றால், குறித்த நேரத்தில் சேவையகம் தானே ஓட்டும் க்ரோன் பணிகளைப் பாருங்கள். நினைவூட்டலை உருவாக்குவது ஒரு பணி, வரிசையில் நிற்பதை அனுப்புவது வேறொரு பணி, இரண்டாவதை மறப்பார்கள். சேவையகம் உலகப் பொது நேரத்தில் ஓடினால் நம் நேரம் அதற்கு 8 மணி முன்னால் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். இரவு 10க்கு என்று வைத்தது இங்கே காலை 6க்குப் போகும். வந்தும் குப்பைப் பெட்டியில் விழுகிறது என்றால், பெரும்பாலும் அது, மின்னஞ்சல் உண்மையிலேயே கல்லூரியிலிருந்து வந்தது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம் பதிவுகளின் கோளாறு.

எத்தனை நாள் முன்பு என்பதைப் பயனரே தேர்ந்தெடுக்க விடுங்கள். இயல்பாக 3 நாள் வையுங்கள்.

தமிழில் தட்டினால் நூல் கிடைப்பதில்லை. நூலோ அடுக்கில் இருக்கிறது!

தமிழ் பயிலும் மாணவருக்கு இதைச் சரிசெய்யாமல் வேறு எந்தத் தனி வசதி செய்தும் பயனில்லை.

முதல் காரணம், பட்டியலில் நூற்பெயர் ரோமன் எழுத்தில் மட்டும் இருப்பது. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் ஒலிபெயர்ப்பு முறைப்படி ‘தோட்டம்’ என்பதில் நெடிலுக்கு மேலே கோடும் டகரத்துக்குக் கீழே புள்ளியும் வரும். மாணவர் அப்படித் தட்டுவதில்லை. தமிழில் தட்டுவார், அல்லது தன் அடையாள அட்டைப் பெயரைப்போல ‘டிஹெச்’ சேர்த்துத் தட்டுவார். மார்க் என்னும் நூற்பட்டியல் வடிவப் பதிவில் 880 என்னும் புலம் மூல எழுத்துக்கே உரியது. தமிழ்ப் பெயரை அதில் இடுங்கள், அந்தப் புலம் தேடலில் சேர்கிறதா என்றும் பாருங்கள். பேச்சுவழக்கு ரோமன் எழுத்துக்கூட்டலை மாற்றுப்பெயருக்குரிய 246இல் இட்டால் இரண்டு வகையினரும் பிழைத்தார்கள். எல்லா நூலையும் திருத்த ஆண்டுகள் ஆகும். ஆகவே ஒதுக்கீட்டு நூல்களிலும் அதிகம் இரவல் போகும் 200 நூல்களிலும் தொடங்குங்கள்.

இரண்டாவது, அட்டவணைப்படுத்தும் முறை. கோஹாவின் தேடல் சீப்ரா என்னும் பொறியில் ஓடினால், பல மொழி எழுத்துகளைக் கையாளும் ஐசியூ முறை அமைந்திருக்க வேண்டும். எலாஸ்டிக்சர்ச் என்றால் அதற்கான ஐசியூ செருகி. மாற்றியபின் முழுவதையும் மறு அட்டவணை செய்யாவிட்டால் பலன் தெரியாது.

மூன்றாவது கண்ணுக்குத் தெரியாத காரணம். ‘கொ’ என்பதை ககரத்தோடு ஒற்றை ஒகரக் குறியாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனியாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே, கணினிக்கு வேறு வேறு. ஒரே எழுத்தை எப்போதும் ஒரே வடிவில் வைக்கும் யூனிகோட் என்எஃப்சி முறைக்கு எல்லாப் பதிவையும் ஒருமுறை மாற்றினால் இது தீரும். ஆனால் ஔகாரக் குறியின் இடத்தில் ளகரத்தைத் தட்டிய பதிவுகளை இந்த மாற்றம் தொடாது. அவை உண்மையிலேயே எழுத்துப்பிழை, கையால் திருத்தவேண்டும். இன்னும் பழைய பதிவுகள், யூனிகோடுக்கு முன்பு தமிழுக்கு இருந்த டிஸ்கி குறியீட்டில் இருந்தால் குப்பையாகத் தெரியும். அவற்றைக் குறியீடு மாற்றும் நிரல் ஒன்றைக் கொண்டு மொத்தமாக மாற்றலாம்.

நான்காவது, பெயர்களே பல. மெர்போக் அருங்காட்சியகத்துக்குப் போய்வந்து இடுபணி எழுதும் மாணவர் ‘கடாரம்’ என்று தேடுவார். மலாய் நூல்கள் லெம்பா பூஜாங் என்றும், ஆங்கில நூல்கள் பூஜாங் வேலி என்றும் சொல்லும். வழிகாட்டிப் பக்கத்தில் இந்த மூன்று சொல்லையும் அடுத்தடுத்து வைத்து, ஒவ்வொன்றையும் தயார்த் தேடலாக இணைத்துவிடுங்கள். அதே பக்கத்தில் தமிழ் இலக்கிய மின்னூல்களுக்கான மதுரைத் திட்டம், இலங்கைத் தமிழ் நூல்களுக்கான ‘நூலகம்’ தளம், சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி ஆகியவற்றையும் வையுங்கள். கடைசியில் சொன்னதில் பழைய மலாயா நாளேடுகள் உண்டு. தோட்ட வரலாறு எழுதுவோருக்குப் பெரும்புதையல்.

தமிழ் மாணவர்களுக்குப் பக்கம் தானாகவே தமிழில் திறந்தால் நன்றாக இருக்குமே?

வேண்டாம். பெயரையோ இனத்தையோ பார்த்து மொழியை முடிவுசெய்வது தவறு. தமிழ்ப் பெயர் கொண்டவர் தேசியப் பள்ளியில் படித்தவராக இருக்கலாம், தமிழ் வாசிக்காதவராக இருக்கலாம். மூன்று மொழிப் பொத்தானையும் ஒரே அளவில் மேலே வையுங்கள், தேர்ந்ததை நினைவில் கொள்ளுங்கள். தமிழ்ப் பாடம் எடுத்தவருக்குத் தமிழ் நூல்கள் முன்னே வருவது வேறு; அது அவர் செய்த தேர்வு.

‘இதை வாசித்தவர்கள் இதையும் வாசித்தார்கள்’ என்ற பரிந்துரை?

பெரிய கடைகளுக்குச் சரி. 12 பேர் கொண்ட வகுப்பில், ஒரே ஒருவர் எடுத்த மனச்சோர்வு பற்றிய நூல் அந்தப் பட்டியலில் வந்தால் யார் எடுத்தார் என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும். தரவும் குறைவு, பரிந்துரையும் மட்டமாகவே இருக்கும். நூலகர் கையால் எழுதிய ‘இந்தப் பாடத்துக்கு ஐந்து நூல்’ அதைவிட நூறு மடங்கு மேல்.

இரவல் வரலாற்றை வைத்திருக்கலாமா? சட்டம் என்ன சொல்கிறது?

2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், அதாவது 709ஆம் சட்டம், 2013 நவம்பர் 15 முதல் நடப்பில் உள்ளது. தனியார் உயர்கல்விக்கூடங்களுக்கு அது பொருந்தும். எதற்காகத் தரவு வாங்குகிறீர்கள் என்ற அறிவிப்பு மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்கவேண்டும். தமிழில் கூடுதலாக வைப்பது உங்கள் விருப்பம். தேவை முடிந்த தரவை வைத்திருக்கக் கூடாது. 2024இல் வந்த திருத்தத்தால், தரவுக் கசிவை ஆணையரிடம் தெரிவிக்கும் கடமை 2025 ஜூன் 1 முதல் சேர்ந்துள்ளது.

கோஹாவில் செய்யவேண்டியது: ஓபேக் (பயனர் பார்க்கும் நூற்பட்டியல்) பிரைவசி அமைப்பை இயக்கினால், வரலாற்றை என்றும் வைத்திரு, நூலக வழக்கப்படி வை, வைக்கவே வேண்டாம் என்ற மூன்றில் ஒன்றைப் பயனரே தேர்வார். நீக்கும் பணியை இரவில் ஓட விடுங்கள். அதற்கு முன் ‘பெயரிலி’ என்று ஓர் உறுப்பினரை உருவாக்கி அந்த எண்ணை உரிய அமைப்பில் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் பெயர் நீக்கம் சரியாக நடக்காமல் போகலாம், நடந்துகொண்டிருக்கிறது என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பீர்கள்.

விரிவுரைஞரின் ஆய்வுப் பணிக்கு என்ன செய்து தரலாம்?

நூற்பட்டியலில் ஒரு தேடலைச் செய்து, முடிவுப் பக்கத்திலுள்ள ஆர்எஸ்எஸ் (புதியது வந்தால் அறிவிக்கும் ஓடை) குறியை அழுத்தினால், அந்தத் துறைக்குப் புதிய நூல் வரும்போதெல்லாம் தகவல் வரும். ஆய்விதழ்களுக்குப் பதிப்பாளர் தளத்திலேயே உள்ளடக்க அறிவிப்பு உண்டு.

இவற்றைவிட அவசரமானது ஆர்க்கிட் எண். 2012இல் தொடங்கிய, 16 இலக்கம் கொண்ட இலவச அடையாளம். தந்தை பெயர் குடும்பப்பெயராகவும் சொந்தப் பெயர் முதலெழுத்தாகவும் சுருங்கி, ஒரே விரிவுரைஞர் ஸ்கோபஸ் என்னும் ஆய்வுக்கட்டுரைத் தரவுத்தளத்தில் இரண்டு மூன்று பேராகப் பிரிந்து கிடப்பது நம்மிடையே வழக்கமான தொல்லை. ஆர்க்கிட்டில் எல்லாப் பெயர் வடிவத்தையும் ‘வேறு பெயர்கள்’ பகுதியில் சேர்த்து, ஸ்கோபஸ் விவரத்தோடு இணைத்துவிட்டால் ஒன்றாகும். விரிவுரைஞர் பக்கத்தில் அந்த எண்ணுக்கு ஓர் இடம் வையுங்கள். இல்லாதவருக்கு அங்கே பதிவு இணைப்பு தெரியட்டும்.

தோட்டத்தில் சமிக்ஞை குறைவு. பக்கம் திறக்கவே நேரம் எடுக்கிறது.

முகப்பில் சுழலும் படங்களை எடுத்துவிடுங்கள், யாரும் பார்ப்பதில்லை. முகப்பின் மொத்த எடை 500 கிலோபைட்டுக்குள் நிற்கட்டும். தேடற்பெட்டியும் திருப்பித் தரும் நாளும் முதலில் வரட்டும். பாடப் பெட்டிகள் பிறகு வந்து சேரலாம். பாடப் பட்டியலுக்காக முழுப் பக்கமும் காத்து நிற்கும்படி எழுதினால், பதிவகத்தின் சேவையகம் படுத்த அன்று நூலகமும் படுத்துவிடும்.

பயன்படுகிறதா என்று எப்படி அறிவது?

ஐந்து மாணவரை, ஒவ்வொருவராக, அவரவர் கைப்பேசியோடு உட்கார வைத்து மூன்று வேலை கொடுங்கள்: பாட நூலைக் கண்டுபிடி, ஒரு கட்டுரையின் பிடிஎஃபைத் திற, இரவலைப் புதுப்பி. உதவாமல் பாருங்கள். அதோடு, விடை கிடைக்காத தேடல்களின் பட்டியலைப் பெயரில்லாமல் எடுத்து வாரம் ஒருமுறை வாசியுங்கள். எந்த நூல் வாங்க வேண்டும், எந்த எழுத்துக்கூட்டலைச் சேர்க்க வேண்டும் என்பது அதிலேயே இருக்கும்.

படிப்பு முடிந்ததும் மாணவர் சேர்த்து வைத்த பட்டியல்கள் என்னாகும்?

கணக்கு நீக்கப்பட்டதும் அவருக்குக் கிடைக்காது. கடைசித் தேர்வு தொடங்குவதற்கு 30 நாள் முன்பு மின்னஞ்சல் அனுப்புங்கள்: பட்டியலைத் திறந்து, பதிவிறக்கத்தில் ஆர்ஐஎஸ் வடிவத்தைத் தேர்ந்து, மேற்கோள்களைச் சேர்த்துவைக்கும் ஸோட்டேரோ மென்பொருளில் ஏற்றிக்கொள்ளும்படி. கல்லூரி மின்னஞ்சலும் அதே நாளில் மூடப்படும் என்றால், இந்தக் கடிதம் அவருடைய சொந்த முகவரிக்கும் போகவேண்டும்.